இரண்டாவது ஆளின் எடை

இன்ச் டேப்புக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ரப்பர் முத்திரையிலும் மின்சார பில்லிலும் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி வண்டி விற்கிற யார்டுகளில் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் இன்ச் டேப்தான். இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் ஒரு டேப் தொங்கும். யார் வீட்டுக்காவது போனால் உட்காருவதற்கு முன் சோபாவைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "ரெண்டே கால் ஆள் உக்காரலாம்" என்பார். அந்தக் கால் ஆள் யார் என்று கேட்டால் சிரிப்பார். வேடிக்கையான மனுஷன்தான், நல்ல மனுஷனும்கூட. நல்ல மனுஷர்கள் செய்கிற தப்புக்குத்தான் சாட்சி கிடைப்பதில்லை, அதனால் அது நீண்ட நாள் ஓடும்.

அவர் வேலை, வீட்டு வண்டிகளைச் சோதிப்பது. முன்னால் ஸ்டீயரிங், பின்னால் கட்டில், நடுவில் அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு சின்ன வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்த வண்டிகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆசை ஆசையாக வாங்குவார்கள். கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பி ஏமாந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எந்தப் புது மாடல் வந்தாலும் சங்கத்து மதிப்பீட்டாளர் ஒருவர் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இரண்டு பேருக்கான வண்டி என்றால் அது இன்ச் டேப்பிடம் வரும். அவருக்குத்தான் வசதி இருந்தது. அவரோடு இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தார், அவர் மனைவி.

சங்கத்துப் படிவத்தில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். கதவு சாத்துகிறதா, கூரை ஒழுகுகிறதா, அலமாரி நெடுஞ்சாலையில் தானாகத் திறந்துகொள்கிறதா என்று போகும். கடைசிக் கேள்விதான் சங்கத்தின் பெருமை. இரண்டு பேருக்கு என்று விற்கிற வண்டியில் நிஜமாகவே இரண்டு பேர் படுத்து, எழுந்து, சமைத்து, உடை மாற்றிப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாங்குகிறவர்கள் முதல் நூற்றுப் பதினொன்றைப் புரட்டிவிட்டு நேராக இதற்கு வந்துவிடுவார்கள்.

பதினோரு வருஷம் அவர் மனைவி கூடவே போனார். அதற்கென்றே ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வைத்திருந்தார். ஏறிப் படுப்பார், எழுந்திருப்பார். புருஷன் அடுப்படியில் நிற்கும்போது இடித்துக்கொண்டு கடந்து போவார். தீர்ப்பு ஒரே வரியில் வரும். "இடிக்குது." "மூச்சு முட்டுது." "பரவால்ல, ஆனா சண்டை போட முடியாது." இந்தக் கடைசித் தீர்ப்பு சங்கத்திலேயே பிரபலம். சண்டை போட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார இரண்டு இடம் வேண்டும், அது இல்லாத வண்டியில் புருஷன் பெண்டாட்டி நாலு நாள் தாண்ட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. சிரித்தவர்கள்கூட மறுத்ததில்லை.

ஒரு தரம் மனைவி சொன்னார். "நூறு வண்டிக்கு மேல படுத்துப் பாத்திருக்கேன். ஒண்ணுலகூட தூங்கினதில்ல. எல்லாம் யார்டுலயே நின்ன வண்டி. ஒரு தடவையாவது எங்கயாவது போய் நிறுத்தி, ஒரு ராத்திரி தூங்கலாமா?" இன்ச் டேப், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என்பது அவரிடம் எப்போதும் கைவசம் இருக்கும்.

அப்புறம் அந்த அம்மாவுக்கு முழங்கால் வந்தது. எல்லோருக்கும் முழங்கால் இருக்கிறது, நமக்கு இருப்பது வலிக்கும்போதுதான் தெரிகிறது. வண்டிப் படியில் வலது காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, கொஞ்சம் நின்று, இடது காலைத் தூக்குவார். அவ்வளவுதான், அரை நிமிஷ வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு யார்டில் அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விற்பனைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். இன்ச் டேப்புக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இனிமே ரெண்டாவது ஆள் வேண்டாம்னு சங்கத்துல சொல்லிட்டாங்க" என்றார்.

"அப்படியா? சரி" என்றார் மனைவி. ஷூவைத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

சங்கத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அதன் பிறகு இன்ச் டேப் செய்த காரியம் இருக்கிறதே, அதை அவர் இடத்தில் இருந்து யோசித்தால்தான் புரியும், புரிந்தாலும் மன்னிக்கத் தோன்றாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் மனைவியின் எடை ஐம்பத்தெட்டு கிலோ என்று இருந்தது. தலா இருபத்தொன்பது கிலோவில் இரண்டு மணல் மூட்டை கட்டினார். ஒரு மூட்டையை ஒரு தடவையாகத் தூக்கலாம், இரண்டையும் கயிறு போட்டுச் சேர்த்தால் ஒரு மனைவி. கட்டிலின் உள்பக்கம் மூட்டையைப் போட்டு, பக்கத்தில் தான் படுத்து, பலகை தாழ்கிறதா என்று பார்ப்பார். நடைவழியில் மூட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு உரசிக்கொண்டு போவார். மூட்டை ஒதுங்காது, ஆனால் திட்டவும் செய்யாது. கடைசிக் கேள்வியில் தன் கையெழுத்தைப் போடுவார். அதற்குக் கீழே, மனைவியின் கையெழுத்தையும் அவரே போடுவார். முதல் தடவை சுழி சரியாக வருவதற்குள் நாலு தாள் வீணாயிற்று. நாலாவது தடவை ஒன்றும் வீணாகவில்லை.

கார் டிக்கியில் மூட்டைகளைப் பார்த்துவிட்டு மனைவி ஒருநாள் கேட்டார். "இது என்னங்க, மணலு?"

"டயருக்குப் பிடிமானம் வேணுமில்ல, அதுக்கு."

"ஓகோ" என்றார் அந்த அம்மா.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வண்டி வந்தது. முதன்முதலாக வீட்டு வண்டி வாங்குகிறவர்களை வளைத்துப் பிடிப்பதற்கென்றே செய்த மாடல். ஆறு மீட்டரில் இத்தனை இடமா என்று உள்ளே போனதும் வாய் பிளக்கும். முன் இருக்கைகள் இரண்டையும் பின்பக்கம் திருப்பினால் எதிரே இருக்கிற நீள சோபாவோடு சேர்ந்து ஒரு கூடமே வந்துவிடும். அடுப்படியில் கை வீசி வேலை செய்யலாம். நிமிர்ந்து நின்று குளிக்கலாம். சண்டை போட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள இரண்டு இடம் அல்ல, மூன்று இடம் இருந்தது. இத்தனை தாராளத்துக்கும் எங்கேயோ இடத்தைக் குறைத்திருக்க வேண்டுமே என்று பழைய இன்ச் டேப் தேடியிருப்பார். குறைத்தது கட்டிலில். பின் மூலையில் தலைப்பக்கம் சுவர், ஒரு பக்கம் சுவர், கால்பக்கம் குளியலறைத் தடுப்பு. திறந்திருப்பது ஒரே பக்கம். உள்பக்கம் படுத்தவர் எழுந்திருக்க வேண்டுமென்றால் வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மேலே அலமாரி வேறு, முழுசாக நிமிர்ந்து உட்காரவும் முடியாது.

இன்ச் டேப் கட்டிலின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், மூட்டையை உள்பக்கம் கிடத்தித் தானும் படுத்தார். இடம் தாராளமாக இருந்தது. 'முதல் வண்டி வாங்கும் தம்பதியருக்கு இதைவிட இடவசதியான வண்டி இந்த ரகத்தில் இல்லை' என்று எழுதினார். இரண்டு கையெழுத்தும் போட்டார். மணல் மூட்டைக்கு ராத்திரியில் பாத்ரூம் போகிற பழக்கம் இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. வெளியே ஒரு பெரியவரும் அவர் மனைவியும் நின்றார்கள். பெரியவர் முப்பத்தைந்து வருஷம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவர்களுக்குப் பின்னால், தெருவை அடைத்துக்கொண்டு அந்த வண்டி.

"சங்கத்துல விலாசம் கொடுத்தாங்க சார். தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றார் ரயில் ஓட்டுநர். "உங்க அறிக்கையப் படிச்சுட்டுதான் வாங்கினோம். வண்டி ராஜா மாதிரி இருக்கு. எங்ககிட்டதான் ஏதோ கோளாறு."

இன்ச் டேப் அவர்களை உட்காரச் சொன்னார்.

"படுக்கறதெல்லாம் சுகமா இருக்கு. எழுந்திரிக்கதான் வரல. இவ உள்பக்கம். என்னைத் தாண்டி எறங்கறப்ப கால் தடுக்கி விழுந்துட்டா. ரெண்டாவது பயணத்துலயே இப்படி."

"நீங்க உள்பக்கம் படுத்துப் பாக்கறது?" என்றார் இன்ச் டேப். கேட்கும்போதே தான் செய்வது சப்பைக்கட்டு என்று அவருக்குத் தெரிந்தது.

"அவரா?" என்றார் மாவுக்கட்டு அம்மா. "ராத்திரிக்கு நாலு தடவை எழுந்திரிப்பாரு. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டி அவரு."

பெரியவர் சிரித்தார். சிரித்துவிட்டு பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். ஓரமெல்லாம் மடங்கி, பல தடவை படித்த காகிதம். அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு இன்ச் டேப்பின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளிருந்து வந்தார். பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இவங்கதானா அவங்க? தங்கச்சி, உங்களத்தான் பாக்க வந்தோம். சாருகிட்ட கேட்டு என்ன பிரயோசனம், அவரு வெளிப்பக்கம் படுத்திருப்பாரு. நீங்கதான உள்பக்கம் படுத்துப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுல எப்படி எறங்குனீங்கன்னு இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. ஏதோ ஒரு முறை இருக்கும், எங்களுக்குப் பிடிபடல."

காகிதத்தை இன்ச் டேப்பின் மனைவி கையில் கொடுத்தார்.

இன்ச் டேப்புக்கு ஒரு விஷயம் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. வண்டி விற்ற தொண்ணூறு நாளுக்குள் மதிப்பீட்டாளரே தன் அறிக்கை தப்பு என்று எழுதி வாபஸ் வாங்கினால், சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி கடைக்காரர் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டாக வேண்டும். வேறு எந்த வழியும் கிடையாது. அவர்கள் வாங்கி எழுபத்தோரு நாள் ஆகியிருந்தது. வாபஸ் வாங்கினால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் முத்திரை போய்விடும், முத்திரை போனால் யார்டில் அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போட மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இன்னும் பத்தொன்பது நாளைத் தள்ளினால் போதும். அந்த எண்ணம் ஒரு வினாடி அவருக்கு வரத்தான் செய்தது. வரவில்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை.

மனைவி கையெழுத்தைப் பார்த்தார். அவர் பெயர், அவர் போடுகிற சுழி, கடைசியில் இழுக்கிற கோடு, எல்லாம் சரியாக இருந்தது. தேதி, போன மாரிக்காலம். புருஷனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார்.

"வண்டி வாசல்லதான நிக்குது?" என்றார். "இருங்க, வர்றேன்."

உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுச் செய்தித்தாளைப் பிரிக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது. கேன்வாஸ் ஷூவோடு வந்தார்.

படியில் வலது காலை வைத்தார், கைப்பிடியைப் பிடித்தார், கொஞ்சம் நின்றார். ரயில் ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கடிகாரம் பார்க்கவில்லை. "நிதானமா, நிதானமா. எனக்கு முப்பத்தஞ்சு வருஷம் சிக்னல்ல நின்னு பழக்கம்" என்றார்.

மனைவி கூடத்தைப் பார்த்தார், அடுப்படியைத் தொட்டார், கட்டிலின் உள்பக்கம் போய்ப் படுத்தார். "வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார். இன்ச் டேப் வெளிப்பக்கம் படுத்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் மூச்சு விடுகிற ஆள் ஒருவர். வந்தவர்கள் இருவரும் கட்டிலின் திறந்த பக்கத்தில் நின்று, பாடம் படிக்கப் போகிறவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்திரிக்கறேன்" என்றார் மனைவி.

நிமிர்ந்தார், அலமாரி இடித்தது. தலையைக் குனிந்துகொண்டு முட்டியை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. புருஷனின் தோளில் கையூன்றி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டார். மற்றக் கால் வரவில்லை. இரண்டுங்கெட்டானாக அவர் மேல் அப்படியே நின்றுவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்கியது இன்ச் டேப்புக்கு மிகப் பக்கத்தில் கேட்டது. அந்தச் சத்தத்தைத் தாங்க அவரால் முடியவில்லை.

"போதும்" என்றார். "இவ இந்த வண்டியில இன்னைக்குத்தான் ஏறியிருக்கா."

யாருக்கும் புரியவில்லை. அவர் மனைவியைப் பிடித்து மெல்ல உட்கார வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே சொன்னார். "அந்தக் கையெழுத்து நான் போட்டது. இவ எடத்துல மணல் மூட்டையப் போட்டுதான் பாத்தேன். உங்க மேல ஒரு கோளாறும் இல்லம்மா. இதுல எறங்கறதுக்கு முறையே கிடையாது. நான் பொய் எழுதிட்டேன். உங்க கை உடைஞ்சது என்னாலதான்."

தொண்ணூறு நாள் விதியையும் சொன்னார். நாளைக்கே வாபஸ் கடிதம் போகும் என்றார்.

"நாங்க அதுல சொல்லியிருந்தத அப்படியே நம்பினோம் சார்" என்றார் ரயில் ஓட்டுநர். திட்டியிருந்தால் இன்ச் டேப்புக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாவுக்கட்டு அம்மாதான் போகும்போது இடது கையால் மற்ற அம்மாவின் கையைப் பிடித்து, "முட்டிக்கு எதுக்கு இன்னும் டாக்டர்கிட்ட போகாம இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகு இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். இன்ச் டேப் காகிதம் எடுத்து வாபஸ் கடிதத்தை எழுதினார். ஒரே பக்கம்தான். எழுதி முடிக்கும் வரை மனைவி எதிரே இருந்தார், ஷூவைக் கழற்றவில்லை.

"எதுக்கு நிறுத்துனீங்க என்னை?" என்றார்.

"உனக்கு முட்டி வலிக்குமேன்னுதான்..." என்று ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே அது பிடிக்கவில்லை. "இல்ல. அந்த யார்டுல அவனுங்க சிரிச்சானுங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு."

"அவங்க சிரிச்சதா?"

"நீ ஏறினது."

சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வார்த்தையைச் சொன்ன வாயோடு நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூசியது.

"அவங்க சிரிச்சது எனக்கும்தான் கேட்டுச்சு" என்றார் மனைவி. "நீங்க திரும்பி ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு படியிலேயே கொஞ்ச நேரம் நின்னேன். முட்டி வலிச்சு நிக்கல."

இன்ச் டேப் இடுப்பிலிருந்த டேப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"டயருக்குன்னீங்களே, அந்த மணலா?"

"ஆமா."

"எத்தனை கிலோ?"

"அம்பத்தெட்டு."

"நான் இப்ப அறுபத்தஞ்சு" என்றார். "பக்கத்துலதான இருக்கேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கடிதத்தை இழுத்து ஒரு தரம் படித்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கீழே தன் பெயருக்கு நேரே தானே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார்.

"மூணு வருஷத்துல என் கையெழுத்துல எத்தனை வண்டி போச்சு?"

இன்ச் டேப் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை என்று சொல்ல நினைத்தார். ஆனால் எண்ணிக்கை அவருக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணுலயும் யாரோ ரெண்டு பேரு படுத்திருப்பாங்க" என்றார் மனைவி. "இந்தப் பேப்பர் பத்தாது. அலமாரியில இன்னொரு கட்டு இருக்கு, எடுத்துட்டு வாங்க. விலாசம் தெரிஞ்சதுக்கெல்லாம் நானும் வந்து ஏறிப் பாக்கறேன்."

அவர் எழுந்து அலமாரிக்குப் போனார்.